கமுதி வெயிலும் விளக்குச் சிகிச்சையும்

வெண்புள்ளிக்குப் புற ஊதாக் கதிர்தான் மருந்தென்றால், வெயிலுக்குப் பஞ்சமில்லாத கமுதிச் சீமையில் அதற்கென்று தனி விளக்கு எதற்கு, கார்போகரிசி என்னும் மூலிகை விதையை அரைத்துப் பூசி வெயிலில் நின்றால் போதாதா என்னும் வாதம், 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்த வட்டாரத்தில் எளிதாக எடுபடுகிறது. ஆனால் மின்தகடுகளுக்குத் தீனியாவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதையொட்டிய அகச்சிவப்புக் கதிருமே. நிறமிச் செல்களை நேரடியாகத் தூண்டும் யுவிபி கதிரோ, தரையை எட்டும் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். அதுவும் உச்சிப்பொழுதில் ஏறி, காலை மாலைகளில் வெகுவாக இறங்கிவிடுகிறது.

குறுகிய அலைவரிசை யுவிபி விளக்கு, 311 நானோமீட்டரை ஒட்டிய கதிரை மட்டும் உமிழ்வது. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 மில்லிஜூலில் தொடங்கி, புள்ளியின்மேல் மறுநாள் வரை இளஞ்சிவப்பு தங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டுகிறார்கள். வெயிலுக்கு அப்படி ஒரு திருகு கிடையாது. வெயில் மட்டுமே போதுமென்றால் மிளகாய்க் காட்டிலும் கரிமூட்டத்திலும் பொழுதெல்லாம் நிற்பவர்களுக்குப் புள்ளி தானே மறைந்திருக்க வேண்டும். மாறாக, சுற்றியுள்ள தோல் கறுத்து வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரிகிறது, வெந்த இடத்தில் புதுப்புள்ளி கிளம்பவும் கூடும்.

கார்போகரிசியை இகழ இடமில்லை. அதிலுள்ள சோரலென் என்னும் வேதிப்பொருள் யுவிஏ என்னும் மற்றொரு வகைப் புற ஊதாக் கதிர் பட்டதும் செல்லின் மரபுப்பொருளோடு பிணைகிறது. அவ்வகைப் பொருளை உட்கொண்டு யுவிஏ விளக்கின்முன் நிற்பதே 1970-களில் பரவிய புவா சிகிச்சை. ஆனால் அரைத்த விழுதில் சோரலென் எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை; கூடினால் கொப்புளம்தான்.

மாத்திரை உள்ளே போவதால் புவாவே வலியது என்பதும் நிற்கவில்லை. லண்டன் மருத்துவர்கள் 2007-இல் வெளியிட்ட, யாருக்கு எது தரப்படுகிறதென்று நோயாளியும் மதிப்பிடுபவரும் அறியாதபடி நடத்திய ஒப்பீட்டில், பாதிக்கு மேல் நிறம் திரும்பியவர்கள் யுவிபி பிரிவில் 64 விழுக்காடு, புவாவில் 36. திரும்பிய நிறம் சுற்றுத்தோலோடு ஒத்துப்போனதும் யுவிபியில்தான் அதிகம். குமட்டலும் இல்லை, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தரலாம். விளக்கு புற்றுநோய் தரும் என்னும் அச்சத்துக்கு அடிப்படை, பெரும்பாலும் சொரியாசிஸுக்கு நெடுங்காலம் புவா பெற்ற வெள்ளையரிடம் கண்டதே.

வெயிலே போதும் என்னும் வாதத்தில் வலுவானது ஒன்றுண்டு: தூரம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், மாதக்கணக்கில், கூலியை விட்டு விளக்குச் சிகிச்சைக்காக மதுரைக்குப் பஸ் ஏறுவது பலருக்கு ஆகாத காரியம். அத்தகைய பெரியவர்களுக்கு, மருத்துவர் எழுதித் தரும் அளவில் சோரலென் மாத்திரை உட்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சில நிமிடங்களே வெயில் காட்டி, அன்று முழுதும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணியும் முறை இன்றும் வழக்கில் உள்ளது. விரல்நுனி, உதடு ஆகிய இடங்களில் மட்டும், விளக்கானாலும் வெயிலானாலும், நிறம் திரும்புவது அரிது.