பின்கட்டில் ஒரு குடித்தனம்



வேலை கிடைத்த புதிதில் மூன்று ஆண்டுகள் கும்பகோணத்தில் குடியிருந்தேன். சாரங்கபாணி கோயிலுக்கும் காவிரிக்கும் இடையே ஒரு நாட்டு ஓட்டு வீட்டின் பின்கட்டு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதற்கப்பால் நான் இருந்த இரண்டாம் கட்டு, பிறகு கிணற்றடி, கொல்லை என்று நீண்டுகொண்டே போகும் வீடு. அடைமழையில் முற்றத்தில் தண்ணீர் கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது.

அந்த வீடு எளிதில் கிடைக்கவில்லை. ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கிய ஆறு வாசல்களில் ஏறி இறங்கினேன். ஆறிலும் முதலில் கேட்டது என் சம்பளத்தை அல்ல, “தம்பி என்ன ஆளுங்க?” என்றுதான். ஏழாவது வாசலில் இருந்த அம்மா, “ராத்திரி எத்தனை மணிக்கு வருவே? நான் தாழ்ப்பாள் போடணுமே” என்றார். அன்று சாயங்காலமே பெட்டியோடு வந்துவிட்டேன்.

சென்ற மாதம் அந்தப் பக்கம் போயிருந்தபோது தெருவில் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். ஓட்டு வீட்டுக்குப் பூட்டைப் போல எதிரி கிடையாது. பூனை ஓடி ஓர் ஓடு விலகியிருக்கும். ஆள் இருந்தால் முதல் மழையிலேயே சொட்டுவது தெரிந்து, மறுநாளே ஓடு மாற்ற ஆள் வந்துவிடுவார். ஆள் இல்லாத வீட்டில் அதே சொட்டு கைமரத்தை நனைக்கும், கரையான் ஏறும், நாலைந்து ஐப்பசி போனால் கூரை முற்றத்தில் கிடக்கும்.

ஆனால் அதே ஊரில், சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் நன்றாகப் பராமரிக்கிறது. தெருவைப் பார்த்த சன்னலும் குறுகிய திண்ணையுமாகச் சின்ன வீடு. அப்பா ஜவுளிக்கடைக் கணக்கர், வருமானம் போதவில்லை. அந்தச் சின்ன வீட்டிலும் கல்லூரி மாணவர்கள் இருவரைத் தங்கவைத்துக்கொண்டார்கள். பதினோரு வயதுக்குள் ராமானுஜன் அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் கற்றுத் தீர்த்துவிட்டார். அந்தத் திண்ணையைக் கடக்கும்போதெல்லாம் பெயர் மறந்துபோன அந்த இரண்டு பையன்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

“குடிவைத்தால் காலி செய்ய மாட்டார்களே” என்ற பயம் வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் பலருக்கும் உண்டு. 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இருந்த காலத்தில் வேரூன்றிய பயம் அது. அதன் இடத்தில் வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. வாய்ப்பேச்சு போதாது, ஒப்பந்தத்தை எழுத வேண்டும், பதிய வேண்டும் என்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. எழுதிக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

ஆனால் “என்ன ஆளுங்க?” என்ற கேள்விக்குச் சட்டத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. ‘நம்மவர்’ கிடைக்கட்டும் என்று ஆண்டுக்கணக்கில் பூட்டியே வைத்து, கடைசியில் வெறும் மனையின் விலைக்கு விற்ற வீடுகளை எனக்குத் தெரியும். உங்களுக்கு ஊரில் அப்படி ஒரு வீடு இருந்தால், இந்த ஐப்பசிக்குள் ஓடு பாருங்கள், வாடகைக்கு விடுங்கள். கேட்டு வருகிறவரிடம் தாழ்ப்பாள் போடும் நேரத்தை மட்டும் பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரம்மா இப்போது இல்லை. முன்கட்டு பூட்டியிருக்கிறது. பின்கட்டில் மட்டும் ஒரு செவிலியர் குடும்பம். நான் எட்டிப் பார்த்தபோது கிணற்றடிக் கொடியில் பள்ளிச் சீருடைகள் இரண்டு காய்ந்துகொண்டிருந்தன.

அன்புடன்,
ஆசிரியர்