தொண்ணூறால் பெருக்காதீர்கள்!

சகோதரிகளே! சனிக்கிழமை காலையில் தாம்பரம் பக்கம் வந்து பாருங்கள். சேலையூரானாலும் சரி, குரோம்பேட்டையானாலும் சரி, தெருவுக்கு நாலு வீட்டில் ஓர் அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைபேசியில் கடல் கடந்த பெண்ணுடன் பேசிக்கொண்டிருப்பார். க்ஷேம சமாசாரம் ஐந்து நிமிஷம். பிறகு விலைவாசி!

எங்கள் எதிர் வீட்டு அம்மாளின் பெண் நியூ ஜெர்ஸியில் இருக்கிறாள். ஒரு நாள், "பையனுக்கு முடி வெட்ட 30 டாலர், அம்மா" என்றாள். அம்மாள் மனசுக்குள் தொண்ணூறால் பெருக்கினார். 2,700 ரூபாய்! "இங்கே 150 ரூபாய்க்கு எண்ணெய் தேய்த்து அனுப்புவானே!" என்று அங்கலாய்த்தார். பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது.

மறு வாரம் அம்மாளின் முறை. படுக்கையில் இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 25,000 ரூபாய் என்றார். பெண் தொண்ணூறால் வகுத்தாள். "280 டாலர்தானே, அம்மா!" என்றாள்.

அந்தத் 'தானே' இருக்கிறதே, அது அம்மாளைச் சுட்டுவிட்டது. வீட்டுக்கு வரும் பென்ஷனோ 40,000. மீதி 15,000 ரூபாயில் மருந்து, மளிகை, மின்சாரம் எல்லாம் நடக்க வேண்டும். பெண்ணிடம் கேட்க மனம் வரவில்லை. ஆளை நிறுத்திவிட்டுத் தாமே அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கத் தொடங்கினார். பத்தே நாளில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இருவரும் போட்ட கணக்கில் தப்பில்லை. ஆனால் அங்கே சம்பாதித்து அங்கேயே செலவழிக்கும் டாலருக்கு நம் ஊர் ரேட்டு என்ன செய்யும்? உலக வங்கியின் ஒத்துழைப்போடு நாடுகளின் விலைவாசியை ஒப்பிடும் கணக்கு ஒன்று உண்டு. 2017-இல் சந்தையில் ஒரு டாலருக்கு 65 ரூபாய்க்குச் சற்று மேல். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இங்கே வாங்க சராசரியாக 20 ரூபாய் 65 காசு போதும் என்றது அந்தக் கணக்கு. பெரிய வித்தியாசம் அல்லவா?

நாணய மாற்றத்தில் தடுமாறுவது நமக்குப் புதிதும் அல்ல. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபோது, ஓர் அணாவுக்கு 6 பைசா, நாலு அணாவுக்கு 25 பைசா என்று ஆயிற்று. நாலு சாமானைத் தனித்தனியாக வாங்கினால் 24, சேர்த்து வாங்கினால் 25! நம் பாட்டிமார் அதையும் சமாளித்தார்கள்.

நாமும் சமாளிக்கலாம். விலையைச் சொல்லும்போது, வருமானத்தில் அது எத்தனை பங்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள். எந்த டாலர் என்றும் கேளுங்கள். அமெரிக்க டாலர் வேறு, ஆஸ்திரேலிய டாலர் வேறு, சிங்கப்பூர்க்காரர்கள் 'வெள்ளி' என்று சொல்லும் டாலர் வேறு. அளவையும் கேளுங்கள். அமெரிக்காவில் பெட்ரோல் விலை காலனுக்கு, அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டருக்கு. கறிகாய் விலை பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு. தங்கத்தின் சந்தை விலையோ அவுன்ஸுக்கு. அது 31 கிராமுக்குச் சற்று மேல். நம் சவரன் 8 கிராம்தான்.

பெருக்கவே கூடாதா? கூடும். பணம் உண்மையாகவே கடலைத் தாண்டும்போது, அதாவது ஊருக்கு அனுப்பும்போதோ, படிப்புக்குக் கட்டும்போதோ, அன்றைய ரேட்டைப் பார்த்தே தீரவேண்டும். கட்டணம் எல்லாம் போகக் கைக்கு எத்தனை வந்து சேரும் என்பதே கணக்கு.

எதிர் வீட்டு அம்மாளிடம் இதைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவர் ரூபாயும் சொல்லவில்லை, டாலரும் சொல்லவில்லை. "அப்பாவின் பென்ஷனில் பாதிக்கு மேலே அந்த ஆளுக்கே போய்விடுகிறதடி" என்றார்.

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "முன்னாலேயே சொல்லக்கூடாதா, அம்மா? என் சம்பளத்தில் கால் பங்கு குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குப் போகிறது. இருந்தாலும் பாதியை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேனா?" என்று குரல் வந்தது.

திங்கட்கிழமை அந்த ஆள் மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். அம்மாள் இடுப்புக்குத் தைலம் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டில் என்ன கணக்கு, சகோதரிகளே?