வணக்கத்துக்குப் பதில் வணக்கம்



பன்வில பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துப் பாதையில் ஏறினால், லயத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பத்துப் பேருக்காவது பதில் சொல்லவேண்டும். "எங்க போய்ட்டு வாறீங்க?", "சாப்டாச்சா?" என்பார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர் எதிரே வந்தால் "கொஹெத யன்னே?" என்பார். நாம் போகும் இடத்தைத் தெரிந்துகொள்ள யாரும் இதைக் கேட்பதில்லை. உங்களைக் கண்டேன், நீங்களும் நம்ம ஆள்தான் என்று சொல்வதுதான் அது.

இதே பாதையில் இன்னொரு வணக்கமும் இருந்தது. துரை வந்தால் நம் பாட்டன்மார் தலைப்பாகையைக் கழற்றி, குடையை மடக்கி, ஓரமாக ஒதுங்கி நின்று "சலாங்க" என்றார்கள். அந்தச் சலாத்துக்குப் பதில் வரும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் கோட்டைத் தாண்டிய வெள்ளைக்காரருக்கும் மன்னிப்பு இல்லை. 1936இல் நம் மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தேயிலைத் தொழில் பழக வந்தார் பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர். தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலை போனது. 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் சமசமாஜக் கட்சி மேடையில் ஏறித் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். அதே மாதம் 22ஆம் திகதி, 48 மணித்தியாலத்தில் நாட்டை விட்டுப் போகும்படி ஆளுநர் ஸ்டப்ஸின் உத்தரவு வந்தது. அவர் போகவில்லை, தலைமறைவானார். பிறகு கைதானவரை மே 18ஆம் திகதி உயர் நீதிமன்றம் விடுவித்தது. தொழிலாளியை மனிதனாக மதித்த ஒருவரைக் கண்டு ஒரு அரசாங்கமே பதறியது.

இன்று தலைப்பாகையும் இல்லை, வெள்ளைத் துரையும் இல்லை. ஆனால் அறுபது வயது அம்மா ஒருவர் ஆபிஸ் ஜன்னலில் நின்று "வணக்கங்க ஐயா" என்றால், பேரன் வயதுக் கிளாக்கர் தலையைத் தூக்காமலே "என்னா, நீ எதுக்கு வந்த?" என்று கேட்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

"சம்பளமே ஒழுங்கா இல்ல, மரியாதைய வச்சு என்னா செய்ய?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் "நீ" என்று கேட்டுக் கேட்டுப் பழகிய அந்த அம்மாவுக்கு அடுத்த நாள் அரைப் பேர் போட்டால், ஏன் என்று கேட்க வாய் வருமா? தராசில் கொழுந்தைக் குறைத்து எழுதினால், திரும்ப நிறுக்கச் சொல்வாரா? மரியாதையை விட்ட இடத்திலேதான் சம்பளமும் போகிறது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லவேண்டும். பாடசாலைக்கு அதிகாரி வந்தால் வகுப்பே எழுந்து "வணக்கம்" என்கிறது. கூட்டித் துப்புரவு செய்பவர் வந்தால் ஒரு பிள்ளையும் நிமிர்வதில்லை. அப்படிப் பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தான். லயத்திலே கான் வெட்டுகிற பெரியவரை, சாதியை நினைத்துச் சின்னப் பிள்ளைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. துரைக்குப் போட்ட சலாத்தை வெறுக்கிற நாம், நமக்கும் கீழே ஒருவரை வைத்துக்கொள்ளலாமா?

ஆகவே அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் இதைப் பேசவேண்டும். ஆபிஸிலும் மலையிலும் வயது வந்தவரை "நீங்க" என்று அழைக்கும்படி நிர்வாகத்திடம் கேட்போம். வேலைக்கு வரும் வெளியாட்களுக்கும் அயல் கிராமத்தாருக்கும் நாமே முந்திக்கொண்டு வணக்கம் சொல்வோம். பாதையில் நாம் முகம் கொடுத்துப் பேசாதவர், நாளைக்கு வேலைநிறுத்தம் என்று கூப்பிட்டால் நம்மோடு வந்து நிற்பாரா?

லயத்துக் கான் வெட்டும் பெரியவரிடமிருந்தே தொடங்குவோம். நாளைக் காலையில் அவரைக் கண்டால் நின்று, "வணக்கங்க, சாப்டீங்களா?" என்று கேட்போம்.