சராசரிக்குள் மறையும் பிள்ளைகள்: மலையகத்துக்கு ஏன் ஒரு சுகாதார வரைபடம் வேண்டும்?

இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வு சொன்னது. அதே ஆய்வு தோட்டத்துறையைத் தனியாகப் பிரித்துக் காட்டிய இடத்தில் அந்த எண் 31.7 வீதம். அதாவது, தோட்டத்தில் வளரும் ஏறத்தாழ மூன்று பிள்ளைகளில் ஒருவர். உயரக் குறைவு என்பது ஒரு மாதப் பட்டினியால் வருவதல்ல. தாயின் வயிற்றிலிருந்து இரண்டு வயது வரையிலான காலத்தில் உணவும் சுகாதாரமும் தொடர்ந்து குறைந்துபோனதன் அடையாளம் அது.

தேசிய சராசரி தோட்டத்துறையை மறைக்கிறது என்று நாம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம். அது சரியான வாதம்தான். ஆனால், 31.7 என்பதும் ஒரு சராசரிதானே? நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி, கேகாலை என்று பரந்து கிடக்கும் தோட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குள் அடைத்தால், எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவில் நிலைமை மோசம் என்பதை அந்த எண் நமக்குச் சொல்லாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் 1,000 பிள்ளைகள் இருக்கிறார்கள். நகரையும் கிராமங்களையும் சேர்ந்த 800 பேரில் 80 பேருக்கு நிறை குறைவு. தோட்டத்தைச் சேர்ந்த 200 பேரில் 70 பேருக்கு நிறை குறைவு. மொத்தம் 150 பேர், அதாவது 15 வீதம். அறிக்கையில் இந்த 15 மட்டுமே மேலே போகும். நகரிலும் கிராமங்களிலும் 10 வீதம், தோட்டத்தில் 35 வீதம் என்ற உண்மை அங்கேயே தங்கிவிடும். பாதிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஐந்தில் ஒரு பங்கு சனத்தொகைக்குள் இருக்கிறார்கள் என்பது மேலே இருப்பவர் கண்ணில் படாது. மருத்துவ மாதுக்களையும் சத்துணவையும் சராசரியைப் பார்த்துப் பங்கிட்டால், தேவை அதிகமுள்ள இடத்துக்குக் குறைவாகவே போய்ச் சேரும்.

இத்தனைக்கும் நம்மிடம் தரவு இல்லாமல் இல்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து, வீடு தேடிச் செல்லும் பொதுச் சுகாதாரச் சேவை இந்த நாட்டின் பெருமையாக இருந்துவருகிறது. குடும்ப நல மருத்துவ மாது பிள்ளையின் நிறையைப் பார்த்து வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளி வைக்கிறார். எந்த வீட்டுப் பிள்ளையின் கோடு கீழே இறங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தகவல் காலாண்டு அறிக்கையாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகிறது. அங்கிருந்து மாவட்டத்துக்கும் குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கும் போகிறது. ஒவ்வொரு படியிலும் எண்கள் கூட்டப்படுகின்றன. கூட்டக் கூட்ட இடம் அழிந்துபோகிறது.

மலையகத்தில் இடம் அழிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2012 குடிசன மதிப்பின்போது நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். இவ்வளவு பெரிய பிரிவுக்கு ஒரே எண் கொடுத்தால் அதில் எதைக் கண்டுபிடிப்பது? தோட்டத்தின் எல்லை ஒன்று, கிராம உத்தியோகத்தர் பிரிவின் எல்லை வேறொன்று. லயன் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னும் தோட்டத்தின் பெயரே முகவரி. வீட்டுக்கு முகவரியே இல்லாத மக்களை வரைபடத்தில் எங்கே வைப்பது?

இது மலையகத்தின் பிரச்சினை மட்டுமல்ல. 2006/07 குடிசன, சுகாதார ஆய்வில் வடமாகாணம் சேர்க்கப்படவில்லை. போர் நடந்த ஆண்டுகளில் அங்கே பிறந்த பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதை அந்த ஆய்விலிருந்து அறிய முடியாது. வெற்றிடமாக விடப்பட்ட இடத்துக்குத் திட்டமும் வருவதில்லை, நிதியும் வருவதில்லை.

வரைபடம் என்ன செய்யும்? நிறை குறைந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சிறு பிரிவுகளாக வரைந்து, அதன்மேல் குடிநீர் எடுக்கும் இடம், பிள்ளை மடுவம், கிளினிக்குக்கு நடக்கும் தூரம், கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளம் கண்ட மண்சரிவு அபாயப் பகுதி என்பவற்றை வைத்துப் பார்க்கலாம். ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு தோட்டப் பிரிவுகளில் காரணங்கள் வேறாக இருக்கலாம். ஒன்றில் அசுத்தமான நீரால் திரும்பத் திரும்ப வரும் வயிற்றோட்டம். மற்றதில் தாய் விடிய மலைக்கு ஏறிப் பின்னேரம் திரும்பும்வரை பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமை. முதலாவதற்குத் திரிபோஷா கொடுத்து மட்டும் பயனில்லை. இரண்டாவதற்குக் குழாய் போட்டுப் பயனில்லை. வரைபடம் காரணத்தை நிரூபிக்காது. எங்கே போய் என்ன கேட்கவேண்டும் என்பதை மட்டும் காட்டும். அதுவே பெரிய விடயம்.

ஆபத்தும் இருக்கிறது. பத்துக் குடும்பங்கள் வாழும் லயன் ஒன்றின்மேல் சிவப்புப் புள்ளி வைத்தால், அது யாருடைய பிள்ளை என்று தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு, “தாய்மாருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது” என்ற பழைய பேச்சு மறுபடி கிளம்பும். நாட்கூலியையும் குடிநீரையும் பற்றிப் பேசவேண்டியவர்கள் அந்தப் பேச்சின் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். ஆகவே, வீட்டு மட்டத் தகவல் மருத்துவ மாதுவிடமும் பணிமனையிடமும் மட்டுமே இருக்கவேண்டும். பொதுவில் வெளியிடுவது பிரிவு மட்டத்துடன் நிற்கவேண்டும். எண்ணிக்கை மிகச் சிறிதாக உள்ள பிரிவுகளைப் பக்கத்துப் பிரிவுடன் சேர்க்கவேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட கவனத்துக்குரியதாகவே நடத்துகிறது.

செய்யவேண்டியது புதிய ஆய்வு அல்ல. ஏற்கனவே சேர்க்கப்படும் எண்களைச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்குக் கீழே, மருத்துவ மாதுவின் பிரிவு மட்டத்தில், தோட்டத்தையும் கிராமத்தையும் வேறாக்கித் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடவேண்டும். அண்மைய குடிசன மதிப்பின் கிராம உத்தியோகத்தர் பிரிவுத் தரவுகளோடு அவற்றைப் பொருத்தவேண்டும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அந்த வரைபடம் மேசைமேல் இருக்கவேண்டும். வெளியிட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பெயர்கள் இல்லாத, பிரிவு வாரியான எண்களைக் கேட்பது எந்தப் பிரஜைக்கும் உள்ள உரிமை.

மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். தோட்ட நிர்வாகங்கள் ஏக்கர் வாரியாகத் தேயிலையை வரைபடத்தில் குறித்து வைத்திருக்கின்றன. எந்த மலையில் கொழுந்து குறைகிறது என்று சொல்ல அவற்றால் முடியும். எந்த லயனில் பிள்ளையின் நிறை குறைகிறது என்ற கேள்விக்கு அரசிடமிருந்து அதேயளவு தெளிவான பதிலை நாங்கள் கேட்பது அதிகமில்லை.