கோட்லாவில் ஜின் மட்டுமா இருக்கிறது?

பிரோஸ் ஷா கோட்லாவில் 'ஹெரிடேஜ் வாக்' போனால் அசோகர் தூணும் ஜின் கதைகளும் நிச்சயம். 1928 செப்டம்பரில் பகத்சிங்கும் தோழர்களும் அந்த இடிபாடுகளில் கூடி, தங்கள் அமைப்பின் பெயரில் 'சோஷலிஸ்ட்' என்ற சொல்லைச் சேர்த்தார்களே, அதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

1929 ஏப்ரல் 8-ல் மத்திய சட்டசபையில் அவர் குண்டு வீசியது, வேலைநிறுத்தங்களை ஒடுக்கும் மசோதா நிறைவேறியபோது. அதே அமைப்பிலிருந்த அஜய் கோஷ் பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர். அவர் பெயரிலுள்ள அஜய் பவன், முன்பு கோட்லா மார்க் எனப்பட்ட இந்திரஜித் குப்தா மார்க்கில், நடக்கிற தூரம்தான்.

பகத்சிங் தொப்பியைக் காரில் ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டு அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிடுவது என்ன நியாயம்?

நம்மவர்களும் லேசில்லை. தொழிற்சங்கம் என்றாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் சங்கம் பேரம் பேசி வாங்கிய சம்பள உயர்வை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த ஒருவரையும் என் வங்கி வேலையில் நான் பார்த்ததில்லை. கம்யூனிசம் பிடிக்கவில்லையா, தாராளமாகத் திட்டுங்கள். நடந்ததை மட்டும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.