பழைய இரும்புக்குப் போகுமுன்

வீடு மாறும்போதுதான் வீட்டில் என்னென்ன இருந்தன என்பது தெரியும் என்பார்கள். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டைக் காலி செய்து நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்தபோது, கூடவே வந்த கணினி பல ஆண்டுகளாகப் படிக்கட்டின் அடியில் கிடந்தது. சென்ற விடுமுறையில் அதைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா.

“அது என்ன கணினி? எப்போது வாங்கியது?” என்று கேட்டேன். ஆளுக்கொரு பதில் வந்தது. ஊழியர் சேமநிதிப் பணத்தில் கணினி வாங்க அனுமதி கிடைத்த 2000-ஆம் ஆண்டு என்றார் அப்பா. அக்கா யூபிஎஸ்ஆர் தேர்வு எழுதிய ஆண்டு, அதாவது 2003 என்றார் அம்மா.

பெட்டியின் மேல் பெயரில்லை. கடைக்காரரே பாகங்களைப் பொருத்தித் தந்த கணினிகள் அப்படித்தான் இருக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு பாகமும் பேசுகிறது. செயலி பெண்டியம் 4. அது சந்தைக்கு வந்ததே 2000 நவம்பரில்தான். வன்தட்டின் மேல் ஒட்டிய சீட்டில் 40 ஜிபி, 2003 என்று இருந்தது. வன்தட்டைப் பிறகு மாற்றியிருக்கலாமே என்று தாய்ப்பலகையையும் பார்த்தேன். அதிலும் 2003. அம்மாவே வென்றார்.

கணினியை நான் முடுக்கவில்லை. அக்காலத் தாய்ப்பலகைகள் பலவற்றில் மின்தேக்கிகள் உப்பிக் கெட்டுப்போனது தெரிந்த செய்தி. வன்தட்டை மட்டும் கழற்றி, யூஎஸ்பி இணைப்பான் வழியாக என் மடிக்கணினியில் பொருத்தி, எல்லாவற்றையும் நகலெடுத்தேன்.

அங்கேதான் அடுத்த சிக்கல். அக்கா தட்டச்சு செய்த கோப்புகளைத் திறந்தால் தமிழே இல்லை. தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். கெட்டுப்போன கோப்பு என்று அழித்துவிட இருந்தேன். எழுத்துருவின் பெயரைப் பார்த்தேன்: இணைமதி. நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய எழுத்துரு. கோப்பு கெடவில்லை, யூனிகோடு பரவலாகும் முன் புழங்கிய திஸ்கி குறியீட்டில் இருந்தது. இலவச மாற்றி ஒன்றில் போட்டதும் தமிழ் வந்துவிட்டது.

வந்தது என்ன தெரியுமா? தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா அறிக்கையும், லயம் வாரியாகக் குடும்பத் தலைவர் பெயர்களோடு நன்கொடைப் பட்டியலும். இன்று அந்த லயங்கள் இல்லை; செம்பனை நிற்கிறது. அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு, எனக்குத் தெரிந்து எழுத்தில் இருப்பது அந்தப் பட்டியல் ஒன்றுதான். அப்பா அதை இரண்டு முறை படித்தார். பிறகு இரும்புக்காரரைப் பற்றிப் பேசவில்லை.

“பழைய குப்பையைக் கட்டிக்கொண்டு அழவேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். பெட்டியை வைத்திருக்கச் சொல்லவில்லை. அதை அடையாளம் காணுங்கள், உள்ளிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு தாராளமாக விற்றுவிடுங்கள் என்கிறேன். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா.வை மேடைதோறும் போற்றுகிறோம். நம் வீட்டுப் படிக்கட்டின் அடியில் கிடக்கும் சுவடியை மட்டும் எடைக்குப் போடுகிறோம். ஏட்டைக் கறையான் அரிக்க நூற்றாண்டு ஆகலாம். வன்தட்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. கணினித் தமிழுக்கு அவ்வளவு உழைத்த நாட்டில், அந்தத் தமிழில் எழுதப்பட்டவை படிக்க ஆளின்றி அழிவது நமக்கு அழகா? நம் மொழிக் கழகம் ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கட்டும். ஓர் இணைப்பான், ஒரு திருப்புளி, எழுத்து மாற்றத் தெரிந்த இரண்டு மாணவர்கள் போதும். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் வீட்டு வன்தட்டோடு வரட்டும்.

அதுவரை, இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனால் படிக்கட்டின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.