திருவிழா வேட்டும் பீரங்கி வீரரும்

எங்கள் பங்கில் கொடியேற்றத்தன்று மாலை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கொடி உச்சியைத் தொட்டதும் வழக்கம்போல் அதிர்வேட்டு முழங்கிற்று. ஆலய முற்றத்தின் ஓரத்தில் நின்றிருந்த முதியவர் ஒருவர் முதல் வேட்டுக்கே தரையில் குப்புற விழுந்து, இரு கைகளாலும் பிடரியை மூடிக்கொண்டார். விழுந்தார் என்பதுகூடப் பிழை, படுத்தார். எண்ணிப் பார்க்க நேரமின்றி, பழகிய உடல் தானாகச் செய்த செயல் அது. இளைஞர் சிலர் சிரித்தனர். "சாயங்காலமே ஏத்திட்டாரு போல" என்று ஒரு குரல் கேட்டது. அவர் மது தொடாதவர். பீரங்கிப்படையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1999 கோடையில் கார்கில் மலைகளின் அடியில் நின்று பீரங்கிக்குக் குண்டு நிரப்பியவர். இவை அங்கிருந்த பலருக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டாம் வேட்டு வெடித்தது, மூன்றாவதும் வெடித்தது. அவ்வேட்டுக்காக வீடு வீடாகச் சென்று காணிக்கை தண்டியவர்களுள் நானும் ஒருவன். ஆகவே இங்கு நான் சாட்டும் குற்றம் என்னையும் சேர்த்தே.

வேறு ஊரார் இதை அறியாமை என்று சொல்லித் தப்பலாம். ஆவடியார் தப்ப முடியாது. 1961இல் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அதன் வாயிலைக் கடந்தது. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த ஆய்வு நிறுவனம் இங்கே உள்ளது. படைவீரர் உடுத்தும் உடையைத் தைக்கும் ஆலையும் இங்கேதான். (ஆங்கிலப் படைத்துறைச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தே 'ஆவடி' ஆயிற்று என்று மார்தட்டிக்கொள்வோர் உண்டு. இந்த ஊர்ப்பெயர் டாங்கிக்கு முந்தியது. 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடியபோதே இது ஆவடிதான்.) இன்னும் பின்னே சென்றால், சென்னைப் பீரங்கிப்படையின் தலைமையிடம் பரங்கிமலை அடிவாரத்தில், அன்னையின் ஆலயத்துக்குக் கீழே இருந்தது. நோயுற்ற வெள்ளைச் சிப்பாய்கள் உடல் தேறுவதற்கு அனுப்பப்பட்ட இடம் நம் பூவிருந்தவல்லி. குண்டெறிய ஓரிடமும் தேறி எழ ஓரிடமும் வேண்டும் என்பதை அந்நிய ஆட்சியாளன்கூட அறிந்திருந்தான்.

பீரங்கிக்கு அருகில் நிற்பது என்றால் என்னவென்று அம்முதியவரிடம் ஒருநாள் கேட்டேன். நாம் நினைப்பதுபோல் அது முதலில் காதுக்கு வரும் ஓசை அன்று. முதலில் மார்பில் ஓர் அறை. பற்கள் ஒன்றோடொன்று மோதும். காலடி மண் எழுந்து முகத்தில் படும். அதன் பின்னரே ஓசை. காதடைப்பான் தருவார்கள். அதை அணிந்தால் கட்டளை காதில் விழாது; ஆகவே ஒரு காதையேனும் திறந்து வைப்பார்கள். சில நாள்கள் சென்றதும், புறப்படும் குண்டின் ஓசை எது, தம்மை நோக்கி வரும் குண்டின் ஓசை எது என்று உறக்கத்திலும் பிரித்தறியும் திறன் வந்துவிடும். வருகின்ற குண்டின் சீழ்க்கை கேட்ட நொடியில் உடல் தரையைத் தேடும். அந்தத் திறன் அவரை அங்கே காப்பாற்றியது. ஊர் திரும்பும்போது கழற்றி வைத்துவிட்டு வரும் சீருடை அன்று அது. இடக்காதில் ஓயாமல் ஓர் இரைச்சல் இருப்பதாகவும், திருப்பலியில் எழுந்தேற்ற வேளையின் அமைதியில்தான் அது மிகுதியாகக் கேட்கிறது என்றும் சொன்னார். அதன் பிறகு எழுந்தேற்ற மணி ஒலிக்கும்போதெல்லாம் என் பார்வை அவர் பக்கமே செல்கிறது.

கார்கில் போரில் நம் படை ஏறத்தாழ இரண்டரை லட்சம் குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் எய்தது என்பர். தொலோலிங்கும் புலிமலையும் மீட்கப்பட்டதை நாம் கொண்டாடினோம். கொண்டாடியது தவறென்று நான் சொல்லவில்லை. எய்த குண்டு எதிரியை மட்டுமே தாக்கும் என்று நம்பியதே தவறு. 155 மில்லிமீட்டர் பீரங்கியின் அருகே எழும் ஓசையின் உச்சம் 170 டெசிபலைத் தாண்டும். கூடவே வரும் அழுத்த அலை எய்தவனின் உடலையும் ஊடுருவும். குண்டுவெடிப்புக்கு ஆளாகிப் பின்னர் இறந்த அமெரிக்கப் படைவீரர் சிலரின் மூளைகளை ஆராய்ந்த மருத்துவர் டேனியல் பெர்ல் குழுவினர், அவற்றில் தனித்தன்மை வாய்ந்த தழும்புகளைக் கண்டு 2016இல் வெளியிட்டனர். 2017இல் சிரியாவின் ரக்கா நகர்மீது அமெரிக்கக் கடற்படைவீரர்களின் பீரங்கிப் பிரிவு ஒன்று ஐந்து மாதங்களில் 35,000 குண்டுகள் எய்தது. ஊர் திரும்பியோருள் பலர் உறக்கமின்மை, மாயத்தோற்றம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றால் அலைக்கழிக்கப்பட்டதை 2023இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதிற்று. அவர்களுள் பெரும்பாலோரை எதிரி தொட்டதே இல்லை. முதல் உலகப்போரில் இதே துயருக்கு ஆளாகி நடுங்கியவர்களுள் சிலரை ஆங்கிலப்படை கோழைகள் என்று சொல்லிச் சுட்டுக்கொன்றது. அவர்களுக்கு மன்னிப்பு வழங்க 2006 வரை காத்திருந்தது.

நாம் எவரையும் சுடுவதில்லை; உண்மைதான். குடிகாரன் என்கிறோம். நரம்புத் தளர்ச்சி என்கிறோம். இன்னும் பக்தி மிகுந்தவர்கள் தீய ஆவி என்று முடிவு கட்டி, குணமளிக்கும் செபக்கூட்டத்துக்கு இழுத்துச் சென்று, அங்கே ஒலிபெருக்கியின் முன்வரிசையில் அவரை அமர்த்துகின்றனர்! செபம் வேண்டாம் என்பது என் கட்சி அன்று. கால் ஒடிந்தவனை மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற பிறகு அவனுக்காகச் செபிக்கிறோம். அதே முறை இவருக்கு ஏன் இல்லை?

இந்த இடத்தில் எப்போதும் புனித இஞ்ஞாசியார் துணைக்கு அழைக்கப்படுகிறார். 1521 மே 20 அன்று பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. அதிலிருந்து ஒரு புனிதர் எழுந்தார். ஆகவே மனம் தளராதே என்று அறிவுரை சொல்லப்படுகிறது. எத்தனை மறையுரைகளில் கேட்டிருப்போம்! ஆனால் இஞ்ஞாசியாரை மனந்திருப்பியது குண்டா? லொயோலா இல்லத்தில் அவருக்கு அறுவை மருத்துவர் இருந்தனர். பணிவிடை செய்ய அண்ணியார் இருந்தார். மாதக்கணக்கில் படுக்கையும், கிறிஸ்துவின் வாழ்வையும் புனிதர்களின் வாழ்வையும் சொல்லும் நூல்களும், எல்லாவற்றுக்கும் மேலாக அமைதியும் இருந்தன. அந்த அமைதியில்தான் அவர் தம் உள்ளத்தில் எழுந்தவற்றைப் பிரித்தறியக் கற்றார். நம் வீரருக்கு நாம் குண்டை மட்டும் நினைவூட்டுகிறோம்; லொயோலா இல்லத்தைத் தருவதில்லை.

அரசைப் பற்றியும் ஒரு சொல். பணியில் சேரும்போது இல்லாத நோய் பணிக்காலத்தில் வந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ளவேண்டும். அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2013இல் தெளிவுபடுத்தியது. அதைச் சொல்ல வைப்பதற்கு ஒரு படைவீரர் நீதிமன்றப் படிகளை ஏறவேண்டியிருந்தது. நம் பங்குகளில் வழக்கறிஞர் உண்டு, ஓய்வு பெற்ற எழுத்தர் உண்டு. ஊன ஓய்வூதிய விண்ணப்பம் எழுதித்தர ஒரு மேசையும் நாற்காலியும் இல்லை. ஆகஸ்ட் 15இல் முன்னாள் வீரருக்குச் சால்வை போர்த்தி ஒளிப்படம் எடுக்க மட்டும் மேடை உண்டு.

"ஆண்டுக்கு ஒருநாள்தானே, அன்று அவர் வீட்டிலேயே இருக்கலாமே" என்பது விழாக்குழுவின் மறுமொழி. ஒருநாள் அன்று, கொடியேற்றம், நவநாள் மாலைகள், தேர்பவனி எனப் பத்து நாள். தம் ஊர்ப் பாதுகாவலரின் திருவிழாவுக்கு அவர் வரக்கூடாது என்று தீர்ப்பிட நாம் யார்? வேட்டு நேர்த்திக்கடன் என்கின்றனர் சிலர். நேர்த்தி செய்தவரின் பொருளை வாங்கி நோயாளிக்கு மருந்தாக்கினால் பாதுகாவலர் கோபிக்க மாட்டார் என்றே நம்புகிறேன். வேட்டு இல்லாமல் மகிழ்ச்சி இல்லை என்போர், ஓரேபு மலையில் எலியா ஆண்டவரைக் கண்டுகொண்டது நிலநடுக்கத்திலா, நெருப்பிலா, அவற்றின் பின் வந்த மெல்லிய ஒலியிலா என்று மறைக்கல்வி பயிலும் தங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கட்டும்.

கார்கில் நடந்த அதே 1999இல், நவம்பர் 20 அன்று, இலங்கையில் மடு அன்னையின் திருத்தலத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். எறிந்தது யார் என்று இரு தரப்பும் ஒன்றையொன்று சுட்டின. அங்கிருந்து தப்பி வந்தவர்கள் நம் முகாம்களிலும் நம் பங்குகளிலும் வாழ்கின்றனர். அவர்களும் நம் திருவிழாவுக்கு வருகின்றனர். வேட்டு வெடிக்கும்போது தம் குழந்தைகளை வாரி அணைத்துக்கொள்கின்றனர். அதைப் பக்திப் பரவசம் என்று எண்ணி நாம் கடந்துபோகிறோம்.

இவ்வாண்டு விழாக்குழுவின் வரவுசெலவுத் தாளில் 'வாணவேடிக்கை' என்ற வரி வழக்கம்போல் இடம் பெற்றுள்ளது. அதை அடித்துவிடக் கோரும் மடலில் இதுவரை பதினொருவர் கையெழுத்திட்டுள்ளோம். முதியவரிடமும் நீட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டி இருமுறை படித்தார். "என் பேரு வேணாம் தம்பி, எனக்காகத்தான்னு சொல்லிடுவாங்க" என்று மடித்துத் திருப்பித் தந்தார்.